சுழலாத பந்து: டிம் வேக்ஃபீல்டும் நக்கிள்பாலும்

2023 அக்டோபர் 1ஆம் தேதி டிம் வேக்ஃபீல்ட் காலமானார். மூளைப் புற்றுநோய். வயது 57தான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 1995 முதல் 2011 வரை 17 பருவங்கள் பந்து வீசியவர். நூறு வருடத்துக்கு மேல் பழைய அந்த அணியில் அவரைவிட அதிக இன்னிங்ஸ் வீசியவர் எவரும் இல்லை. எனக்கு மிகப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரர் அவர்.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். “மெதுவாகப் போட்டு ஏமாற்றுவாரே, அவர்தானே?” என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், “அவர் பந்து காற்றில் அப்படியும் இப்படியும் ஆடும்” என்பார்கள். ஐபிஎல் வர்ணனையில் ‘நக்கிள் பால்’ என்று கேட்டுப் பழகியவர்கள், அதுவும் ஒரு வகை ஸ்லோ பால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எதுவும் சரியும் இல்லை. அவருடைய பந்தைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். அதனால் இந்த அஞ்சலியில் பாதிக்கு மேல் பந்தைப் பற்றித்தான் இருக்கும்.

## பேஸ்பால், தேவையான அளவுக்கு மட்டும்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். பந்து வீசுபவர் பிட்சர். அடிப்பவர் பேட்டர். பேட்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. பெரிய வித்தியாசம், பந்து தரையில் குத்தாது. எல்லாமே ஃபுல் டாஸ். பிட்ச் எப்படி இருக்கிறது, ஈரமா, வெடிப்பா என்ற கவலை கிடையாது. பந்துக்கும் மட்டைக்கும் நடுவில் இருப்பது காற்று மட்டும். பிட்சர் செய்யும் எந்த வித்தையையும் காற்றை வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேரை அவுட் ஆக்கினால் எதிரணியின் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது. சமநிலையில் இருந்தால் பத்து, பதினொன்று என்று நீண்டுகொண்டே போகும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஓர் அணியில் ஐந்து பேர் இருப்பார்கள், முறை வைத்து வீசுவார்கள். இடையில் வந்து உதவுபவர்கள் தனி.

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டருக்கு 18.44 மீட்டர். பந்தின் எடை சுமார் 145 கிராம், சுற்றளவு சுமார் 23 செ.மீ. வேகமாக வீசும் பிட்சரின் பந்து மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் வரும். கையை விட்ட பிறகு பேட்டரை அடைய அதற்குச் சுமார் 0.4 விநாடி போதும். வேக்ஃபீல்டின் நக்கிள்பால் மணிக்கு 105 கி.மீ. போலத்தான் வரும். அதற்குக் கிட்டத்தட்ட 0.6 விநாடி. நெடுஞ்சாலையில் ஒரு கார் போகும் வேகம். உலகின் மிகச் சிறந்த பேட்டர்கள் அதை அடிக்க முடியாமல் தவித்தார்கள். ஏன் என்பதுதான் கேள்வி.

## பந்து சுழன்றால்

மற்ற எல்லா வீச்சுகளுக்கும் உயிர் கொடுப்பது சுழற்சி. வேகப்பந்து நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று என்ற கணக்கில், பின்னோக்கிச் சுழன்றபடி வருகிறது. பேட்டரை அடைவதற்குள் ஏறக்குறைய பதினைந்து முறை சுற்றிவிடும்.

சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாக வளைத்துத் தள்ளுகிறது. காற்றை ஒரு பக்கம் தள்ளினால் பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படும். இந்தத் தள்ளலுக்கு மேக்னஸ் விசை என்று பெயர். பின்னோக்கிச் சுழலும் வேகப்பந்து காற்றைக் கீழே தள்ளுகிறது. அதனால் பந்துக்கு மேல்நோக்கி ஓர் உந்துதல் கிடைக்கிறது, புவியீர்ப்பு இழுக்கும் அளவுக்கு அது கீழே விழுவதில்லை. முன்னோக்கிச் சுழற்றினால் தலைகீழ்: பந்து சட்டென்று இறங்கும். நம் சுழற்பந்து வீச்சாளர்கள் காற்றிலேயே பந்தை இறக்குகிறார்களே, அதே விசைதான்.

பேட்டரின் பக்கம் இருந்து பார்த்தால் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சுழற்சி தெரிந்தால் போக்கு தெரியும். நல்ல பேட்டர்கள், பந்து பிட்சரின் கையை விட்ட அந்தக் கணத்திலேயே சிவப்புத் தையல் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிடுகிறார்கள். பல்லாயிரம் பந்துகளைப் பார்த்துப் பழகிய மூளை மீதியைக் கணக்குப் போட்டுவிடும். பந்து வந்து சேரும் வரை அவர்கள் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் மட்டையைச் சுழற்ற நேரம் இருக்காது.

ஆக, சுழலும் பந்து வளைந்தாலும் இறங்கினாலும் ஓர் ஒழுங்குக்குள் இருக்கிறது. வீசுபவருக்கும் அது எங்கே போகும் என்று தெரியும். அடிப்பவருக்கும் ஓரளவு தெரியும்.

## சுழலாவிட்டால்

இனி கிரிக்கெட்டில் ஸ்விங் ஆகும் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் புரிந்துகொண்டவர்களுக்கு நக்கிள்பாலில் பாதி வேலை முடிந்தது.

எந்தப் பந்து பறந்தாலும் அதன் மேற்பரப்பை ஒட்டியபடி மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஓடும். இதற்கு எல்லைப் படலம் என்று பெயர். பந்தின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் இந்தப் படலம், பின்பக்கம் போகும்போது ஏதோ ஓர் இடத்தில் பிய்த்துக்கொண்டு விலகும். எங்கே விலகுகிறது என்பதில்தான் சூட்சுமம். வழவழப்பான பரப்பில் சீக்கிரமே விலகிவிடும். வழியில் ஒரு தையல் குறுக்கிட்டால், படலம் அதில் இடறிக் கலங்கும். கலங்கிய காற்றுக்குப் பந்தின் பரப்போடு இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகும் தெம்பு வந்துவிடும், விலகுவது தாமதமாகும்.

ஒரு பக்கம் சீக்கிரம், மறுபக்கம் தாமதம் என்றால் பந்துக்குப் பின்னால் போகும் காற்று ஒரு பக்கமாகச் சாய்கிறது. பந்து எதிர்ப்பக்கம் நகர்கிறது. தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் போடும் பந்து ஸ்விங் ஆவது இப்படித்தான். கிரிக்கெட் பந்தின் தையல் நடுவில் ஒரே வட்டமாக ஓடுகிறது. நல்ல ஸ்விங் பௌலர் அந்தத் தையல் ஆடாமல் அசையாமல் ஒரே கோணத்தில் நிற்கும்படி வீசுவார். அதனால் பந்து கடைசி வரை ஒரே பக்கமாக வளைகிறது.

பேஸ்பாலின் தையல் அப்படி இல்லை. டென்னிஸ் பந்தின் மேல் ஓடும் வெள்ளைக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். பேஸ்பாலின் தையலும் அதே பாதையில், பந்து முழுவதும் வளைந்து வளைந்து போகிறது. 108 இரட்டைத் தையல்கள். பந்தை ஒரு விரல் அகலம் திருப்பினாலே காற்றை எதிர்கொள்ளும் முகம் வேறாகிவிடும். இந்தக் கோணத்தில் தையல் வலப்பக்கம் இருக்கும், கொஞ்சம் திருப்பினால் மேலே வரும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இரு பக்கமும் சமமாக இருக்கும்.

வேகமாகச் சுழலும் பந்தில் இந்தத் தள்ளல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன, மிஞ்சுவது மேக்னஸ் விசை. ஆனால் பந்து வழி நெடுகிலும் ஒரே ஒரு முறை மட்டும், சோம்பலாகப் புரண்டால்? அப்போது ஒவ்வொரு தையலும் தன் பங்குக்குப் பந்தைத் தள்ள நேரம் கிடைக்கிறது. முதல் பாதியில் வலப்பக்கம் தள்ளியது இரண்டாம் பாதியில் கீழே தள்ளலாம். அதுதான் நக்கிள்பால். 1975இல் ராபர்ட் வாட்ஸ், எரிக் சாயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேஸ்பாலைக் காற்றுச் சுரங்கத்தில் மாட்டி, ஒவ்வொரு கோணத்திலும் அதன் மேல் எவ்வளவு பக்கவாட்டு விசை விழுகிறது என்று அளந்து காட்டினார்கள். பந்தைக் கொஞ்சம் திருப்பினாலே விசையின் அளவும் திசையும் மாறின.

வாலிபாலில் ஃப்ளோட்டர் சர்வீஸ் போடுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். சுழற்சி இல்லாமல் தட்டிவிடும் பந்து நேராக வருவது போல வந்து, எடுக்கப் போகிறவரின் கையை விட்டு விலகும்.

சுருக்கிச் சொன்னால்: நக்கிள்பாலை மெதுவான பந்து என்பதைவிட சுழற்சி பிடுங்கப்பட்ட பந்து என்பதே பொருத்தம். சுழற்சியைக் கழித்துவிட்டால், பந்தைத் திருப்பும் வேலையைத் தையலும் காற்றும் எடுத்துக்கொள்கின்றன.

கிரிக்கெட்டின் நக்கிள் பாலோடு இதைக் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஜாகீர் கானும் புவனேஷ்வர் குமாரும் அதை அழகாகப் போட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அது பல ஆயுதங்களில் ஒன்று. கை வேகமாக வருகிறது, பந்து மெதுவாக வருகிறது, பேட்ஸ்மேன் முன்கூட்டியே மட்டையை வீசிவிடுகிறார். அங்கே ஏமாற்றுவது பெரும்பாலும் வேகம். வேக்ஃபீல்ட் விஷயத்தில் எதிரே நிற்பவருக்கு அடுத்து வரப்போவது நக்கிள்பால் என்று நன்றாகவே தெரியும். பத்துப் பந்தில் எட்டு ஒன்பது அதுதான். ஒளிக்க எதுவும் இல்லை. தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

## அது உண்மையில் ஆடுகிறதா

இந்தப் பந்தைப் பற்றி மிக அதிகமாகச் சொல்லப்படுவது, அது பட்டாம்பூச்சி மாதிரி இங்கும் அங்கும் படபடத்து வரும் என்பது. எதிரே நின்றவர்கள் சத்தியம் செய்வார்கள்.

2007 வாக்கில் அமெரிக்காவின் பெரிய மைதானங்கள் எல்லாவற்றிலும் பந்தின் பாதையைப் பதிவு செய்யும் கேமராக்களைப் பொருத்தினார்கள். அந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தவர் ஆலன் நேதன் என்ற இயற்பியல் பேராசிரியர், பேஸ்பாலின் இயற்பியலையே தன் வேலையாக வைத்துக்கொண்டவர். அவர் கண்டது பலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்: நக்கிள்பாலின் பாதையும் மற்றப் பந்துகளின் பாதையைப் போலவே சீரான வளைவுதான். போகிற வழியில் வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் என்று அது மாறி மாறித் திரும்புவதில்லை.

அப்படியானால் அத்தனை பேரும் கண்டது என்ன? பதில் இன்னொரு படத்தில் இருக்கிறது. ஒரு பிட்சரின் வேகப்பந்துகள் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் எவ்வளவு விலகின என்று புள்ளி வைத்தால், புள்ளிகள் எல்லாம் ஓரிடத்தில் கொத்தாக விழும். நக்கிள்பாலுக்கு அப்படி வைத்தால் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். இந்தப் பந்து மேலே விலகியது, அடுத்தது இடப்பக்கம், அதற்கடுத்தது விலகவே இல்லை. ஒவ்வொரு பந்தும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்கானது. ஆனால் போன பந்தை வைத்து அடுத்த பந்தைச் சொல்ல முடியாது.

பேட்டரின் மூளை என்ன செய்கிறது என்று மேலே பார்த்தோம். பாதி வழியிலேயே மீதியைக் கணித்துவிடும். நக்கிள்பாலில் கணிப்பதற்கு வேண்டிய சுழற்சியே கண்ணில் படுவதில்லை. மூளை ஓர் இடத்தைக் குறித்து வைக்கிறது, பந்து வேறு இடத்தில் இருக்கிறது, கண் திடுக்கிட்டுத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திடுக்கிடல்தான் பந்து துள்ளியது போலத் தெரிகிறது என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படும் விளக்கம். பேட்டர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உணர்ந்ததைத்தான் சொன்னார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பந்து எந்தப் பக்கம் போகும் என்பது வேக்ஃபீல்டுக்கும் தெரியாது. அவரால் முடிந்தது, பந்தைச் சுழலாமல் அனுப்பி வைப்பது வரைதான்.

## நகமும் மணிக்கட்டும்

சுழலாமல் வீசுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு பந்தை எடுத்து முயன்று பார்க்கலாம். எந்தப் பந்தை எறிந்தாலும் கடைசியில் விரல் நுனி அதை உருட்டித்தான் விடும், கையின் இயல்பு அது. அந்த உருட்டலை அடக்க வேண்டும். பெயரில் விரல் மூட்டு இருந்தாலும் வேலை செய்வது நகம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நகங்களையும் தையலுக்குச் சற்றுக் கீழே தோலில் பதித்து, கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் தாங்கிக்கொண்டு, மணிக்கட்டை மடக்காமல் விறைப்பாக வைத்து, பந்தை எறியாமல் தள்ள வேண்டும். விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒரு நகம் இம்மி பிந்தினால் பந்து சுழன்றுவிடும். சுழலும் பந்து மணிக்கு 105 கி.மீ.யில் வந்தால் அது பேட்டருக்குக் கொடுக்கும் பரிசு.

நகத்தை அளவாக ராவி வைத்துக்கொள்வது இவர்களுக்குத் தினசரிக் கடமை. 1987இல் ஜோ நீக்குரோ என்ற நக்கிள்பால் பிட்சரிடம் ஆட்டத்தின் நடுவே நடுவர்கள் பாக்கெட்டைக் காட்டச் சொன்னபோது நகம் ராவும் தாள் பறந்து விழுந்தது. நகத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்றார், நடுவர்கள் நம்பவில்லை. பந்தைச் சுரண்டியதாகச் சொல்லி வெளியே அனுப்பிப் பத்து நாள் தடை போட்டார்கள். அவருடைய அண்ணன் ஃபில், 318 ஆட்டங்களில் வென்ற நக்கிள்பால் மேதை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, ஒஹாயோவில் வீட்டுக்குப் பின்னால் வைத்து மகன்களுக்குக் கற்றுக்கொடுத்த பந்து அது.

வேக்ஃபீல்டுக்கும் இது அப்பாவிடமிருந்து வந்ததுதான். ஃபுளோரிடாவில் மெல்போர்ன் என்ற ஊர். வேலை முடித்து வரும் அப்பாவிடம் பையன் பந்து பிடித்து விளையாட வேண்டும் என்று அடம் பிடிப்பான். சீக்கிரம் சலித்துப்போய் வீட்டுக்குள் வரட்டும் என்று அவர் பிடிக்கவே முடியாத நக்கிள்பாலாக எறிவாராம். பையனுக்குச் சலிக்கவில்லை. அதையே விளையாட்டாகப் போடக் கற்றுக்கொண்டான்.

ஆனால் அவர் பிட்சராக வரவில்லை. கல்லூரியில் பந்தை வெளியே அடித்துத் தள்ளுவதில் பெயர் வாங்கியவர். 1988இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரை அடிப்பவராகத்தான் எடுத்தது. தொழில்முறை ஆட்டத்தில் அவரால் அடிக்க முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற நிலையில், சும்மா பந்து பிடித்து விளையாடும்போது அவர் போட்ட நக்கிள்பாலைப் பார்த்து வைத்திருந்த வுடி ஹைக்கே என்ற பயிற்சியாளர் அதை நினைவில் வைத்துச் சொன்னார். அப்படித்தான் பிட்சர் ஆனார். 1992இல் மேல்நிலைக்கு வந்து 8 வெற்றி, 1 தோல்வி (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பெயரில் எழுதுவார்கள்). அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரில் இரண்டு ஆட்டங்களை ஆரம்பம் முதல் கடைசி வரை தானே வீசி வென்றார்.

அப்புறம் பந்து அவரை விட்டுப் போனது. 1993இல் குறி தவறியது, பேட்டர் அடிக்க வேண்டிய எல்லைக்குள் பந்தைப் போட முடியவில்லை, கீழ்நிலை அணிக்கு இறக்கினார்கள். 1994 முழுவதும் அங்கேதான். 1995 ஏப்ரலில் பைரேட்ஸ் அவரை விடுவித்தது. வேகப்பந்து பிட்சருக்கு ஏதாவது தவறினால் சொல்லித் தர நூறு பேர் இருக்கிறார்கள். நக்கிள்பாலுக்கு யார் இருக்கிறார்கள்? ரெட் சாக்ஸ் அவரை எடுத்துக்கொண்டு ஃபில், ஜோ சகோதரர்களிடமே அனுப்பியது. திரும்பி வந்தவர் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் 14 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. இப்படி ஒருவரை வேண்டாம் என்று விட்ட சில மாதங்களில் வேறு ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது.

இதுவரை வந்ததில் மனதில் வைக்க வேண்டியது இரண்டு. நக்கிள்பால் போடுவது கை வலிமையைவிட நுணுக்கம், அதுவும் மிக எளிதில் தொலைந்துபோகும் நுணுக்கம். தோள்பட்டையை அதிகம் வாட்டாததால், கை வந்தவர்கள் நீண்ட காலம் ஆடுவார்கள்: ஃபில் 48 வயது வரை, வேக்ஃபீல்ட் 45 வரை.

## பிடிப்பவரின் பாடு

போடுபவருக்கே தெரியாத பந்தைப் பிடிப்பவர் என்ன செய்வார்? கேட்சர் பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டால் அதற்குப் பாஸ்டு பால் என்று பெயர். நம் கிரிக்கெட்டில் கீப்பர் விடும் ‘பை’ போல. ஓடுகளத்தில் நிற்கும் எதிரணியினர் அந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு (ஓட்டம் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) ஓடிவிடுவார்கள். ஃபில்லின் பந்தைப் பிடித்துப் படாதபாடு பட்ட பாப் யூக்கர், நக்கிள்பாலைப் பிடிக்க ஒரே வழி அது உருண்டு நிற்கும் வரை காத்திருந்து எடுத்துக்கொள்வதுதான் என்று சொன்னது பேஸ்பாலில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை.

வேக்ஃபீல்டுக்கென்றே ரெட் சாக்ஸ் ஒரு கேட்சரை வைத்திருந்தது. டக் மிராபெல்லி. வழக்கத்தைவிடப் பெரிய கையுறை போட்டுக்கொண்டு, வேக்ஃபீல்ட் வீசும் நாட்களில் அவர்தான் உட்காருவார். 2005 முடிந்ததும் அவரை சான் டியேகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் வேறு ஒருவர் உட்கார்ந்தார், நல்ல கேட்சர்தான். ஏப்ரல் முடிவதற்குள் பத்துப் பாஸ்டு பால். பொறுக்க முடியாமல் மிராபெல்லியைத் திரும்ப வாங்கினார்கள். 2006 மே 1 அன்று, யாங்கீஸ் அணியோடு ஆட்டம். விமானத்தில் வந்து இறங்கியவரை விமான நிலையத்திலிருந்து போலீஸ் வண்டி முன்னே போக அழைத்து வந்தார்கள். வண்டியிலேயே சீருடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு ஓடி வந்து உட்கார்ந்தார். ரெட் சாக்ஸ் வென்றது. ஒருவரின் பந்தைப் பிடிக்க இன்னொருவரை இப்படிக் கொண்டுவந்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

## 2003, 2004

நக்கிள்பாலின் அபாயம் என்ன என்பதற்கு ஒரே பந்து போதும். 2003 அக்டோபர் 16, நியூயார்க். உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றுக்கு யார் போவது என்று தீர்மானிக்கும், யாங்கீஸுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டம். அந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்திருந்த வேக்ஃபீல்ட், உதவி பிட்சராக வந்து வீசிக்கொண்டிருந்தார். 11வது இன்னிங்ஸின் முதல் பந்து. அது விலகவில்லை. ஆரன் பூன் அதைப் பார்வையாளர் பக்கம் அடித்தார். ஆட்டமும் தொடரும் முடிந்தன. ரெட் சாக்ஸ் 1918க்குப் பிறகு உலகத் தொடரை வென்றதில்லை, இதோ இன்னொரு வருடமும் போனது.

பாஸ்டனில் இப்படிப்பட்ட தவறுக்கு ஆளானவர்களைப் பல வருடம் மன்னிக்காமல் வைத்திருந்த பழக்கம் உண்டு. வேக்ஃபீல்டும் அதற்குத்தான் பயந்தார். ஆனால் ரசிகர்கள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் எல்லாம், களைத்துப்போன பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸை மாற்றாமல் விட்ட மேலாளர் மேல் போனது. வேக்ஃபீல்டிடம் அன்பு இன்னும் கூடியது. நக்கிள்பால் எப்போதாவது விலகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அடுத்த வருடம் அதே இரண்டு அணிகள், அதே தொடர். முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றாயிற்று. மூன்றாவது ஆட்டத்தில் யாங்கீஸ் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது, முடிவில் 19-8. மறுநாள் நான்காவது ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் வேக்ஃபீல்ட். அவர் தன் முறையை விட்டுக்கொடுத்து, தோற்றுப்போன அந்த ஆட்டத்தில் இறங்கி மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். உதவி பிட்சர்களின் கைகள் மிச்சமாக வேண்டும் என்பதற்காக. ஒரு பிட்சருக்குத் தன் முறை என்பது எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஓய்ந்த கைகளோடு அடுத்த நாள் வந்த உதவி பிட்சர்கள் 12 இன்னிங்ஸ் ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்து வென்றார்கள்.

ஐந்தாவது ஆட்டம், 2004 அக்டோபர் 18. 14 இன்னிங்ஸ், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். வீச வேறு ஆள் கிட்டத்தட்ட இல்லை. 12வது இன்னிங்ஸில் வேக்ஃபீல்ட் வந்தார். பிடிக்க மிராபெல்லி இல்லை, நக்கிள்பால் பிடித்துப் பழக்கமில்லாத ஜேசன் வாரிடெக். 13வது இன்னிங்ஸில் பந்து நன்றாக விலகியது, நன்றாக என்றால் அளவுக்கு மீறி. வாரிடெக் மூன்று பந்துகளை விட்டார். இரண்டாம், மூன்றாம் தளங்களில் யாங்கீஸ் ஆட்கள். இன்னொரு பந்து தவறினால் யாங்கீஸ் முன்னே போய்விடும். அந்த நிலையிலும் அவர் வேறு பந்துக்கு மாறவில்லை. ரூபன் சியெரா மட்டையை வீசித் தவறவிட்டார், வாரிடெக் பிடித்துவிட்டார். 14வதில் டேவிட் ஓர்டிஸ் அடித்து ஆட்டத்தை முடித்தார். கணக்கில் வெற்றி வேக்ஃபீல்டின் பெயரில் எழுதப்பட்டது.

0-3 என்று பின்தங்கிய அந்தத் தொடரை ரெட் சாக்ஸ் 4-3 என்று வென்றது. பேஸ்பாலில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அடுத்து உலகத் தொடரையும் வென்றது, 86 வருடங்களுக்குப் பிறகு.

## எண்கள் சொல்வதும் சொல்லாததும்

வேக்ஃபீல்டின் மொத்தக் கணக்கு 200 வெற்றி, 180 தோல்வி. ரெட் சாக்ஸ் வரலாற்றில் அதிகத் தோல்விகளும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. 199 வெற்றிக்குப் பிறகு 200வது வர மறுத்தது, எட்டாவது முயற்சியில் 2011 செப்டம்பர் 13 அன்று வந்தது. நட்சத்திர ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை தேர்வானார், 42 வயதில், அதிலும் வீச வாய்ப்பு வரவில்லை. சாதனையாளர் பட்டியலில் முதல் வரிசையில் வைக்கும் கணக்கு அல்ல இது, நான் அப்படி வாதாடவும் மாட்டேன்.

ஆனால் தொடங்கச் சொன்னால் தொடங்கினார், இடையில் வரச் சொன்னால் வந்தார், முடிக்கச் சொன்னால் முடித்தார். செவ்வாய்க்கிழமை ஆட்டங்களுக்கு முன் மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் குழந்தைகளை ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு அழைத்து வந்து, பயிற்சியைப் பார்க்க வைத்து, கூட நின்று பேசிக்கொண்டிருப்பார். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்டும் ஜிம்மி ஃபண்ட் வேலைகளில் ஓய்வுக்குப் பிறகும் இருந்தார். சமூகப் பணிக்காகத் தரும் ராபர்ட்டோ கிளெமென்டே விருது 2010இல் அவருக்குக் கிடைத்தது. அந்தக் குழந்தைகளுக்கு வந்த நோயின் இன்னொரு வடிவமே கடைசியில் அவருக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் மனது ஆறவில்லை.

## இப்போது யார் போடுகிறார்கள்

நக்கிள்பால்காரர்கள் தங்களுக்குள் எதையும் மறைப்பதில்லை. எதிரணியில் இருந்தாலும் கேட்டால் சொல்லித் தருவார்கள். வேக்ஃபீல்ட் போட்ட 49ஆம் எண், அவருக்கு முன் ஹோய்ட் வில்ஹெல்ம், சார்லி ஹஃப் போன்ற நக்கிள்பால்காரர்கள் போட்ட எண். ஃபில்லிடம் அவர் கற்றது போல, அவரிடம் வந்து கேட்டவர்களில் ஆர். ஏ. டிக்கி ஒருவர். 2012இல் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்ற முதல் நக்கிள்பால்காரர் டிக்கிதான்.

இன்று அணிகள் தேடுவது வேகத்தை. 16 வயதுப் பையன் மணிக்கு 150 கி.மீ. வீசினால் மறுநாளே ஆள் வரும், 105இல் வீசுபவனைப் பார்க்க யாரும் வருவதில்லை. கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும், கற்றுத்தர ஆள் இல்லை. சமீப வருடங்களில் பெரிய களத்தில் இதை நம்பி வீசியவர் என்றால் சான் டியேகோ பாட்ரெஸின் மேட் வால்ட்ரன் ஒருவரைச் சொல்லலாம், அவரும் மற்றப் பந்துகளோடு கலந்துதான் வீசினார்.

பார்க்க ஆசைப்படுபவர்கள் அந்த 2004 ஐந்தாவது ஆட்டத்தின் 13வது இன்னிங்ஸிலிருந்து தொடங்கலாம், காணொளி இணையத்தில் கிடைக்கிறது. முதல் தடவை பந்தைப் பின்தொடர வேண்டாம், வாரிடெக்கின் கையுறையை மட்டும் பாருங்கள். எங்கே நீட்டுகிறார், கடைசியில் எங்கே கொண்டுபோகிறார் என்று. இரண்டாம் தடவை வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுத் தையலைப் பாருங்கள். நல்ல பந்தில் அது ஒரு முறைக்கு மேல் சுற்றியிருக்காது.